மாமன் மாட்டிய கன்வெர்ட்டர்

புகை அளக்கும் கருவியில் எண்பத்தொன்று என்று விழுந்தபோது, அது தன் வண்டியின் எண்ணே இல்லை, முன்னால் போன லாரியின் எண் என்று தும்பால் மானிக் சாதித்தார். அதிகாரி பின்சார் வாதாடவில்லை. தாளில் ஒரு கோடு இழுத்து, நாற்பதுக்குள் வந்தால்தான் சீட்டு என்று எழுதி நீட்டினார்.

சீட்டு இல்லையென்றால் தடம் இல்லை. சியாந்தார் நகரத்திலிருந்து ஏரிக்கரை ஊரான பராபாத்துக்கு இருபத்திரண்டு வருஷமாக ஓடுகிற மினிபஸ் அது. ஏரியைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களின் மூக்கில் கரி படக் கூடாது என்று இப்போது புது விதி வந்திருந்தது. டீசல் வண்டிகள் எல்லாம் சைலன்சரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்கிற, புகையைச் சுட்டுச் சுத்தம் பண்ணும் டப்பாவை மாட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமைக்குள் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் தடம் வரிசையில் அடுத்து நிற்கும் ஆளுக்குப் போய்விடும். தும்பாலுக்கு மிஞ்சுவது சந்தைக்குப் பன்றி ஏற்றுகிற வேலைதான்.

"டீசல்ல நூத்துக்கு நாப்பது பங்கு பாமாயிலைக் கலக்கச் சொன்னது நாங்களா?" என்று தும்பால் சோதனைத் திடலே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். "வண்டி ஓடுதா, உள்ளே வாழைப்பழம் பொரியுதான்னே எங்களுக்குத் தெரியல."

"பாமாயில் புகையைக் குறைக்கத்தான் செய்யும். கூட்டுறது உங்க இன்ஜின்."

வேறு வழியின்றித் தும்பால் குரலைத் தணித்து, சாருக்கு எந்தக் குலம் என்று ஆரம்பித்தார். உறவு கிடைத்தால் ஒரு பத்துப் புள்ளியாவது குறையாதா? பின்சார் தலையைக்கூடத் தூக்கவில்லை. காக்கியை மாட்டிவிட்டால் தனக்குக் குலம் கோத்திரம் எதுவும் கிடையாது என்றார். அன்று காலையில்தான் சொந்தத் தம்பியின் லாரியைத் திருப்பி அனுப்பியிருந்தார். அந்த ஆளிடம் அழுதும் பயனில்லை, அதட்டியும் பயனில்லை.

தும்பாலுக்கு வயது ஐம்பத்து நாலு. கோபத்துக்கு அதைவிட இரண்டு வயது கூடுதலாக இருக்கும் என்று அவர் மனைவி ரூஸ்மினா சொல்வாள். பஸ் நிலையத்தின் ஒரு முனையில் அவர் டயர் கடைக்காரனைத் திட்டினால், மறு முனையில் காப்பிக் கடைக்காரர் தான் என்ன தப்புச் செய்தோம் என்று யோசிப்பார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவரிடம் திட்டு வாங்கியவர்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்த வண்டி டீசலில் பாதி, திட்டில் பாதி என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

கன்வெர்ட்டர் மாட்டுகிற பட்டறை ஊருக்கு வெளியே ரப்பர் தோட்டத்து ஓரம் புதிதாக வந்திருந்தது. நடத்துபவன் ஜோங்கி. ரியாவ் மாகாணத்துப் பக்கம் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களில் லாரி பழுது பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஆறு மாதம் முன்பு வந்தவன். வயது இருபத்தொன்பது. மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை. இவனை முதல் நாளே ஒரு அதட்டுப் போட்டு வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தும்பால் வண்டியை உள்ளே விட்டார்.

அதற்குள் குலம் விசாரிப்பு வந்துவிட்டது. எங்கள் பத்தாக்கு இனத்தவர் இரண்டு பேர் சந்தித்தால், வண்டி பற்றி எரிந்துகொண்டிருந்தாலும் முதலில் அது முடிய வேண்டும். யாருக்கு யார் என்ன முறை என்று தெரியாமல் வாயைத் திறந்தால் எப்படிக் கூப்பிடுவது? தும்பால் மானிக் குலம், அவர் அம்மா பிறந்தது தம்புனான் குலத்தின் பதினாலாவது தலைமுறையில். அதைக் கேட்டுவிட்டு ஜோங்கி, தானும் தம்புனான்தான், தானும் பதினாலாவது தலைமுறைதான் என்றான். கணக்கு ஐயத்துக்கு இடமில்லாமல் முடிந்தது. நேற்றுப் பிறந்த அந்தப் பயல் தும்பாலுக்குத் தாய்மாமன்.

"அப்ப வா மருமகனே, உட்காரு," என்றான் ஜோங்கி.

தும்பால் உட்கார்ந்தார். அதட்டல் தொண்டையிலேயே தங்கிவிட்டது. தாய்மாமன் என்றால் எங்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற சாமி. அவர் முன்னால் குரல் உயரக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. மாமன் மனம் நொந்தால் மருமகனின் நெல் பதராகும், பிள்ளை இளைக்கும், வண்டி நிற்கும். வாய்விட்டுத் திட்டத்தான் வேண்டும் என்பதில்லை, மனசுக்குள் திட்டினாலும் போய்ச் சேர்ந்துவிடும் என்று சொல்கிறவர்களும் உண்டு.

ஜோங்கி அன்றே ஒரு டப்பாவை மாட்டி அனுப்பினான். சைலன்சரின் வாயில் வெள்ளைக் கைக்குட்டையை வைத்துப் பார்த்தார் தும்பால். கறையே இல்லை. ஆண்டவர் தாய்மாமன்களைச் சும்மா படைக்கவில்லை என்று அன்று ராத்திரி சாப்பாட்டில் சொன்னார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை பராபாத்துக்குப் போகும்போது வண்டி ஒழுங்காகத்தான் போனது. திரும்பும்போது சிபகாண்டிங் ஏற்றத்தில் இருமியது, முனகியது, பதினோரு பயணிகளோடு நின்றுவிட்டது. அந்த ஏற்றம் குரங்குகள் குடியிருக்கிற இடம். நின்ற வண்டியை அவை விடுமா? ஒரு அம்மாள் சந்தையில் விற்க வைத்திருந்த கூடை மாம்பழத்தை ஒன்று விடாமல் தூக்கிக்கொண்டு போயின. ஒரு குரங்கு ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஹாரன் அடித்தது. பயணிகள் குரங்கை விட்டுவிட்டுத் தும்பாலைத் திட்டினார்கள்.

பிறர் திட்டக் கேட்டுக்கொண்டு நிற்பது தும்பாலுக்குப் பழக்கமில்லாத வேலை. வண்டியை லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்த வழியெல்லாம், பட்டறையில் இறங்கியதும் சொல்ல வேண்டியதை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டே வந்தார். பதினேழு வசவுகள் தேறின. அதில் நாலு புத்தம் புதியவை.

ஜோங்கி டப்பாவைக் கழற்றி உள்ளே பார்த்தான். தேன்கூடு மாதிரி பொடிப்பொடி ஓட்டையாக இருக்க வேண்டியது கரியடைத்துச் சுவராகியிருந்தது. புகை வெளியே போக வழியில்லாமல் இன்ஜின் மூச்சு முட்டி நின்றிருக்கிறது.

"அடைக்கத்தான் செய்யும் மருமகனே. இது பெட்ரோல் கார்ல இருந்து எடுத்த டப்பா. டீசல் கரியைத் தாங்காது."

"அப்புறம் ஏன் மாமா இதை மாட்டுனீங்க?"

"நீ கன்வெர்ட்டர்னுதான் கேட்ட. எந்தக் கன்வெர்ட்டர்னு கேட்கலையே."

பதினேழும் நாக்கின் நுனியில் வந்து நின்றன. "டே" என்கிற எழுத்துகூட வெளியே வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார் தும்பால். ஜோங்கி பரிவோடு தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஸ்டெப்னி டயரை இறக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்து, அதன் எதிரே நின்று பதினேழையும் வரிசையாகச் சொல்லி முடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ரூஸ்மினா வந்து, யாரைத் திட்டுகிறீர்கள் என்று கேட்டாள். டயரை என்றார். டயருக்குத் தம்புனான் என்று எப்போது பெயர் வைத்தோம் என்று கேட்டாள்.

புதன்கிழமை ஜோங்கி டீசல் வண்டிக்கே உரிய சரியான டப்பாவை வரவழைத்துப் பொருத்தினான். இந்த முறை தும்பால் அருகிலேயே நின்று, டீசலுக்குத்தானே, பாமாயில் டீசலுக்குத்தானே, என் வண்டிக்குத்தானே என்று மூன்று முறை பணிவாகக் கேட்டார். ஜோங்கி மூன்று முறையும் ஆமென்றான். பிறகு, மாமன் என்ற உரிமையில் கேட்காத உதவி ஒன்றையும் செய்தான்.

பங்க் டீசலில் கந்தகம் இருக்கிறது, கந்தகம் டப்பாவுக்கு விஷம் என்று சொல்லி, டாங்கில் இருந்ததை மொத்தமாக வடித்துவிட்டான். சந்தையில் வாழைப்பழம் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி, காஸ்டிக் சோடா போட்டுத் தானே காய்ச்சிய பயோடீசலை நிரப்பினான். கலப்படமே இல்லாத சரக்கு, நூற்றுக்கு நூறு, இந்த டப்பா இனி உன் பேரன் காலம் வரை உழைக்கும் என்றான். கந்தகம் பற்றி அவன் சொன்னது சரிதான். ஒரு பாதி உண்மையை வைத்துக்கொண்டுதான் ஊரில் எல்லா வண்டியும் கெடுகிறது.

வியாழக்கிழமை மினிபஸ் தேவாலயப் பாடகர் குழுவை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. மூன்று கிலோமீட்டர் ஓடும், நிற்கும். வடிகட்டியைக் கழற்றித் துடைத்து மாட்டினால் மறுபடி மூன்று கிலோமீட்டர். முதலில் வந்தது கறுப்புக் குழம்பு. இருபத்திரண்டு வருஷமாக டாங்கின் அடியில் நிம்மதியாகப் படுத்திருந்த வண்டலை எல்லாம் புது எண்ணெய் தேய்த்துக் கரைத்து எழுப்பிவிட்டிருந்தது. கறுப்பு தீர்ந்ததும் வெள்ளையாக நுரை வந்தது. தும்பால் அதைத் தொட்டுப் பார்த்தார். வழுக்கியது. முகர்ந்து பார்த்தார். சோப்பு.

பாடகர் குழு பாதி வழியில் இறங்கி, ஒரு பாட்டும் பாடாமல், வேறு வண்டியில் ஏறிப் போயிற்று.

"காய்ச்சின எண்ணெயைத் தண்ணி விட்டு நல்லாக் கழுவணும் மருமகனே. நீ அவசரம்னு சொன்னதால கழுவல," என்றான் ஜோங்கி. சோடாவும் எண்ணெயும் சேர்ந்தால் சோப்புத்தானே ஆகும் என்று விளக்கவும் செய்தான். பிறகு வடிகட்டியிலிருந்த நுரையை எடுத்துக் கையில் தேய்த்துக் கழுவிக் காட்டினான். "பாரு, கை எவ்வளவு சுத்தமாயிடுச்சு."

"டப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே மாமா?"

"உள்ள சாம்பல் படிஞ்சிருக்கும். நாளைக்கு ஓடினா சரியாயிடும்."

நாளைக்கு வெள்ளிக்கிழமை. தும்பாலுக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அந்தச் சுத்தமான கையைப் பிடித்து முறுக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றிய உடனே பயமும் வந்தது. மாமனைப் பற்றி இப்படி நினைத்ததால்தான் வண்டி நிற்கிறதோ?

அதைத்தான் ரூஸ்மினாவும் சொன்னாள். "ஸ்டெப்னியைத் திட்டினாலும் மாமனைத்தான திட்டுனீங்க. அவர் மனசு நொந்துபோச்சு. சோறும் பன்றிக்கறியும் கொண்டுபோய் வச்சு, ஆசீர்வாதம் வாங்கிட்டு வாங்க."

"அவன் மனசு நொந்துச்சா? என் மனசைக் கேட்க நாதியில்லையா?"

"உங்க அம்மா உசிரோட இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

தும்பால் கத்தியைத் தேடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். வீட்டிலிருந்த பன்றியை அறுத்தார்கள். ரத்தமும் மசாலாவும் சேர்த்துக் குழம்பு வைத்து, சோற்றுப் பானையோடு மாலையிலேயே பட்டறைக்குக் கொண்டு போனார்கள். ஜோங்கிக்கு இதெல்லாம் புதிதாகத் தெரியவில்லை. பாயை விரித்து நடுவில் அமர்ந்து மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான், காரம் கொஞ்சம் கம்மி என்றான். பிறகு எழுந்து, முறைப்படி அரிசியை அள்ளி, குனிந்து நின்ற தும்பாலின் நரைத்த தலையில் வைத்து உயிர் உறுதியாக இருக்கட்டும் என்று வாழ்த்தினான். கிரீஸ் கை. அரிசி தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்தது. ரூஸ்மினா அதை நல்ல சகுனம் என்றாள். தும்பால் பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாயில் வலி கண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜோங்கியும் சட்டை மாற்றிக்கொண்டு வண்டியில் ஏறினான். மருமகன் காரியத்தில் மாமன் கூட நிற்காவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்றான். பட்டறையிலிருந்து சோதனைத் திடல் வரை நாலு இடத்தில் வண்டி நின்றது. நாலு முறையும் தும்பால்தான் இறங்கி வடிகட்டி துடைத்தார். மாமன் உள்ளே உட்கார்ந்து வாழைப்பழம் தின்றான்.

திடலில் பின்சார் அன்றைக்கு இன்னும் கடுமையாக இருந்தார். பாதிரியாரின் வண்டியைத் திருப்பினார். ஆம்புலன்ஸ் ஒன்றைத் திருப்பினார். தடத்துக்குக் காத்திருக்கிற அடுத்த ஆள் வேலியோரம் நின்று தும்பாலைப் பார்த்துக் கையாட்டினான். துவைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

தும்பாலின் முறை வந்தது. குழாயில் கருவியைச் சொருகி, அழுத்துங்கள் என்றார்கள். அழுத்தினார். கறுப்புப் புகை வரவில்லை. அதற்குப் பதிலாக வெள்ளையும் நீலமுமாக, அடைத்த மந்தையைத் திறந்துவிட்டது போல் புகை கொட்டிக்கொண்டு வந்தது. கொடிக்கம்பம் மறைந்தது, மேசை மறைந்தது, பின்சார் மறைந்தார். வேலியோரத்து வெள்ளைச் சட்டையும் மறைந்தது. காற்று அடித்து எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தபோது கருவியில் தொண்ணூற்று நாலு என்று நின்றது. டப்பாவே இல்லாமல் வந்ததைவிடப் பதின்மூன்று கூடுதல்.

பின்சார் இருமிக்கொண்டே பேனாவை எடுத்தார்.

அவ்வளவுதான். தும்பால் இன்ஜினை அணைத்தார். இருபத்திரண்டு வருஷத்துத் தடம் போயிற்று. பன்றியும் போயிற்று, இனி ஏற்றப்போவதும் பன்றிதான். இதற்கு மேல் மாமன் சாபம் விழுந்து எதைக் கெடுக்கப் போகிறது? நெல் பதராகட்டும், நிலம் பிளக்கட்டும். ஐந்து நாள் அடக்கிய கோபம் உள்ளங்காலிலிருந்து ஏறி வந்தது. பதினேழும் நினைவிருந்தன, நேற்று ராத்திரி சேர்ந்த ஒன்பதும் நினைவிருந்தன. கதவைத் திறந்து இறங்கி, இடுப்பில் கை வைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

அந்த நேரம் பார்த்து ஜோங்கி பின்பக்கம் மிச்சமிருந்த புகைக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

பின்சாரின் பேனா நின்றது. யாரையும் ஏறிட்டுப் பார்க்காத அந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜோங்கியிடம் போய் இரண்டு கையாலும் அவன் கையைப் பற்றினார். என்னவோ கேட்டார். ஜோங்கி அவர் தோளில் தட்டிக் கொடுத்து, மினிபஸ்ஸைக் காட்டி என்னவோ சொன்னான். பின்சார் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். திரும்பி வந்து பழைய தாளைக் கிழித்தார், புதுத் தாளில் முப்பத்தெட்டு என்று எழுதினார், மேசை அதிரும்படி முத்திரையைக் குத்தினார்.

சீட்டு தும்பாலின் கைக்கு வந்தது. இழுத்த மூச்சை அவர் இன்னும் விடவில்லை. எதிரே நிற்கிற பின்சாரின் முகத்தைப் பார்த்தார். இறுகிய தாடை, புடைத்த கழுத்து நரம்பு, கடித்த பல். இந்த வாரம் முழுக்கக் கண்ணாடியில் அவர் பார்த்த முகம்தான் அது.

"சார், தொண்ணூத்தி நாலுன்னு காட்டுச்சே," என்றார் மெதுவாக.

பின்சார் ஜோங்கி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் கண்ணு இருக்கு அண்ணே, வயிறும் எரியுது, ஆனா எங்க அம்மா பொறந்தது சிராயித் குலம், அவரும் தான் சிராயித்து, அம்மாவோட அதே தலைமுறைன்னு சொல்லியிருக்கார், தாய்மாமன் மாட்டின டப்பாவை நான் எந்த வாயால வேண்டாம்னு சொல்றது?"